இரவல் பெட்டியும் 500 இசைத்தட்டும்: எம்.ஐ.ஏ.வின் தொடக்க காலம்

2000-களின் தொடக்கத்தில் லண்டனில் ஒரு படுக்கையறை. அங்கிருந்த சாமான்கள் மூன்று: தோழியிடம் இரவல் வாங்கிய ரோலண்ட் எம்சி-505 என்ற மின்னணு இசைப் பெட்டி, யாரோ பயன்படுத்திக் கழித்த நாலு ட்ராக் டேப் ரெக்கார்டர், ஒரு மைக். இவற்றை வைத்துப் பதிவான ஆறு பாட்டு டெமோவிலிருந்துதான், அதாவது மாதிரிப் பதிவிலிருந்துதான், மாதங்கி அருள்பிரகாசம் என்ற ஓவியர் எம்.ஐ.ஏ. என்ற பாடகி ஆனார்.

அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அப்பா, இயக்கம், போர், அகதி வாழ்க்கை என்று தொடங்கி, ஒரே தாவலில் ‘பேப்பர் ப்ளேன்ஸ்’ பாட்டுக்கும் ஏ.ஆர். ரஹ்மானோடு கிடைத்த ஆஸ்கர் பரிந்துரைக்கும் போய்விடும். நடுவில் உள்ள நாலைந்து ஆண்டுகள் காணாமல் போகும். வேலை நடந்தது அந்த ஆண்டுகளில்தான். ஓவியத்தில் கைவந்த ஒரு முறையை அப்படியே ஒலிக்கு மாற்றினார் என்பது அந்த வேலையின் சாரம். அதை விளங்கிக்கொள்ள அந்தப் பெட்டிக்குள் கொஞ்சம் தலையை விட வேண்டும்.

முதலில் பின்னணி, சுருக்கமாக. 1975 ஜூலை 18 அன்று லண்டன் ஹவுன்ஸ்லோவில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் போனார். இடையில் சிறிது காலம் மதராஸ். 1986-இல் தாயோடும் உடன்பிறந்தவர்களோடும் லண்டன் திரும்பி, தெற்கு லண்டன் மிச்சமில் உள்ள ஃபிப்ஸ் பிரிட்ஜ் என்ற அரசுக் குடியிருப்பில் வளர்ந்தார். தந்தை அருள்பிரகாசம், இயக்கப் பெயர் அருளர், ஈரோஸ் (ஈழப் புரட்சிகர மாணவர் அமைப்பு) என்ற அமைப்பை நிறுவியவர்களில் ஒருவர். மேலைநாட்டுப் பத்திரிகைகள் பல ஆண்டுகள் அவரை விடுதலைப் புலி என்றே எழுதின. ஈரோஸ் வேறு, புலிகள் வேறு என்பது நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மகளின் முதல் ஆல்பத்துக்குப் பெயர் ‘அருளர்’. இரண்டாவதுக்குத் தாயின் பெயர், ‘கலா’.

கோல அச்சும் ஸ்ப்ரே பெயின்ட்டும்

சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் அவர் படித்தது நுண்கலை, அதில் திரைப்படமும் வீடியோவும். படம் எடுப்பதுதான் திட்டம். 2001-இல் இலங்கை போய், காணாமல் போன உறவினர் ஒருவரைத் தேடியபடி அங்குள்ள தமிழ் இளைஞர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க முயன்றார். அது முடியவில்லை. கையில் மிஞ்சிய படிமங்கள் கேன்வாஸுக்கு வந்தன. புலி, டாங்கி, பனைமரம், துப்பாக்கி ஏந்தியவர்கள், எல்லாம் ஸ்டென்சில் வெட்டி, கண்ணைப் பறிக்கும் வண்ணங்களில் ஸ்ப்ரே அடித்தவை. அதே ஆண்டு லண்டன் போர்டோபெல்லோ சாலையில் ஒரு கடையில் முதல் கண்காட்சி. வாங்கியவர்களில் நடிகர் ஜூட் லாவும் ஒருவர். 2002-இல் அந்த ஓவியங்கள் சிறு புத்தகமாக வந்தன. அதன் பெயரும் ‘எம்.ஐ.ஏ.’தான். போர்க்களத்தில் காணாமல் போனவரைக் குறிக்கும் ராணுவச் சுருக்கம் அது. அப்போது அவர் குடியிருந்த ஆக்டன் பகுதியையும் அதற்குள் நுழைத்து, ‘ஆக்டனில் காணாமல் போனவள்’ என்று வேடிக்கையாகவும் விளக்குவார்.

ஸ்டென்சில் எப்படி வேலை செய்கிறது என்பது வாசலில் தகர அச்சு வைத்துக் கோலமாவு தட்டியவர்களுக்குத் தெரியும். ஓட்டை இருக்கும் இடத்தில் மாவு விழும், இல்லாத இடத்தில் விழாது. நடுத்தரம் ஏதும் கிடையாது. ஒருமுறை வெட்டினால் எத்தனை முறை வேண்டுமானாலும் அடிக்கலாம். ஒன்றின் மேல் ஒன்றாக வேறு நிறத்தில் அடிக்கலாம், கொஞ்சம் நகர்த்தி அடிக்கலாம். நுணுக்கமான நிழல், மெல்லிய கோடு ஆகியவற்றை எதிர்பார்க்க முடியாது. விளிம்பு கூர்மையாக இருக்கும். நிறம் தட்டையாக இருக்கும். பாட்டில் இவை எல்லாம் மறுபடி வருவதைப் பார்க்கலாம்.

எலாஸ்டிகா இசைக்குழுவின் பாடகி ஜஸ்டின் ஃப்ரிஷ்மன் வழியாகத்தான் இசைக்கு வழி திறந்தது. 2000-இல் வந்த அந்தக் குழுவின் ‘தி மெனஸ்’ ஆல்பத்துக்கு அட்டைப்படம் மாதங்கியினுடையது. குழுவின் அமெரிக்கப் பயணத்தைக் கேமராவில் பதிவு செய்யவும் கூடப் போனார். அந்தப் பயணத்தில் குழுவுக்கு முன்னால் மேடையேறியவர் பீச்சஸ் என்ற கனடியப் பாடகி. கூட ஆள் இல்லை, கிட்டார் கூட்டம் இல்லை. ஒரு எம்சி-505, ஒரு மைக். 2000-இல் வந்த அவருடைய ஆல்பமும் இதே பெட்டியில் உருவானதுதான். ‘நீயும் இதில் செய்து பார்’ என்று மாதங்கியைத் தூண்டியவர் அவர். ஊர் திரும்பிய பிறகு ஃப்ரிஷ்மனின் பெட்டி இரவலாக வந்தது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

எம்சி-505 வெளிவந்தது 1998-இல். ரோலண்ட் நிறுவனம் அதை ‘க்ரூவ்பாக்ஸ்’ என்ற வகையில் விற்றது. சின்த் (மின்னணு ஒலியாக்கி), டிரம் மெஷின், சீக்வென்சர் (அடிகளையும் ஸ்வரங்களையும் வரிசையாக ஓட்டுவது), எஃபெக்ட் எல்லாம் ஒரே பெட்டியில். ஒரே நேரத்தில் 64 ஸ்வரங்கள் வரை ஒலிக்கும். ஒரு பேட்டர்னில், அதாவது சுழன்று வரும் சிறு இசைத் துண்டில், தாளத்துக்கு ஒரு பகுதி, மற்ற ஒலிகளுக்கு ஏழு பகுதி, ஆக எட்டு. உள்ளே ரோலண்டின் பழைய டிஆர்-808, டிஆர்-909 டிரம் ஒலிகளும் டிபி-303 பாணி பேஸ் (கீழ்ஸ்தாயி) ஒலிகளும் உண்டு. கையை மேலே அசைத்தால் ஒலி மாறும் டி-பீம் என்ற அகச்சிவப்புக் கதிர் வித்தையும் உண்டு. கடைக்கு வருபவர்களை மயக்க நல்ல கருவி, பாட்டு செய்ய அவ்வளவு தேவைப்படாது.

ஒன்று மட்டும் இல்லை: சாம்பிளர். வெளியிலிருந்து எந்த ஒலியையும் உள்ளே ஏற்ற முடியாது. கம்பெனி போட்டுக்கொடுத்த ஒலிகளைத் திருகித் திருகித்தான் பயன்படுத்த வேண்டும். இந்தக் குறை முக்கியம். பின்னால் திரும்ப வருவோம்.

முன்புறம் கீழ்வரிசையில் பியானோ கட்டை மாதிரி அடுக்கிய பட்டன்கள். அவற்றில் 16, தாளத்தின் 16 இடங்கள். சதுஸ்ர நடையில் நாலு எண்ணிக்கை போட்டால் 16 மாத்திரை வருமே, அதுதான். வேலை நடக்கும் விதம் இது: தாளப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, பதிவை ஸ்டெப் முறைக்கு மாற்றி, முதலில் கிக் டிரம்மை (கனத்த அடித்தள அடி) எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த இடத்தில் அடி விழ வேண்டுமோ அந்தப் பட்டனை அமுக்கினால் விளக்கு எரியும். மறுபடி அமுக்கினால் அணையும். பேட்டர்ன் சுழன்றுகொண்டே இருக்கும்போதே இதைச் செய்யலாம். பிறகு ஸ்னேர் (சுள்ளென்ற அடி), பிறகு கைதட்டல், பிறகு ஹை-ஹாட் (உலோகத் தட்டின் ஒலி). வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. விளக்கு எரிந்தால் அடி, எரியாவிட்டால் மௌனம். கோல அச்சில் ஓட்டை இருக்கிறதா இல்லையா என்ற அதே கேள்வி.

டான்ஸ்ஹால் வகைத் தாளம் ஒன்றை இதில் போட்டுப் பார்க்கலாம். ஜமைக்காவிலிருந்து வந்த இந்த நடை எம்.ஐ.ஏ.வின் தொடக்க காலப் பாடல்கள் பலவற்றின் எலும்பு. நம் சொற்கட்டில் சொன்னால் ‘தகிட தகிட தக’. மூன்று, மூன்று, இரண்டு, மொத்தம் எட்டு. இரண்டு முறை சொன்னால் 16. அழுத்தம் விழும் இடங்கள் 1, 4, 7, 9, 12, 15. கிக்கை 1-லும் 9-லும் வைத்து, ஸ்னேரை 4, 7, 12, 15-இல் வைத்தால் இடுப்பு தானாக ஆடத் தொடங்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் வழக்கமான தவறு, மிச்சம் இருக்கும் பத்து இடங்களையும் ஹை-ஹாட்டால் நிரப்பிவிடுவது. நிரப்பியதும் 3-3-2 என்ற சாய்வு மறைந்து தையல் மெஷின் ஓடுகிற மாதிரி ஆகிவிடும். இந்தத் தாளத்தின் உயிர் காலி இடங்களில் இருக்கிறது. அந்தக் காலி இடங்களில்தான் குரல் உட்கார வேண்டும்.

பேட்டர்ன் முடிந்ததும் அடுத்த கருவி மியூட் பட்டன்கள். எட்டுப் பகுதிகளில் எதை வேண்டுமானாலும் நொடியில் அமுக்கலாம், திறக்கலாம். பாட்டின் வடிவம் பெரும்பாலும் இதிலிருந்தே பிறக்கும்: பேஸை நிறுத்தி நாலு சுற்று, தாளத்தை மட்டும் விட்டு இரண்டு சுற்று, எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் திறந்து பல்லவி. சுரம் மாறி, ராகம் விரிந்து பாட்டு வளரும் வழி இங்கே குறைவு. ஒன்றைச் சேர்ப்பது, ஒன்றை எடுப்பது, அவ்வளவே. ‘கலாங்’ பாட்டை இந்தக் காதோடு கேட்டுப் பாருங்கள். எது எப்போது நின்றது, எப்போது திரும்பியது என்று கணக்கு எடுக்கலாம்.

இந்த மாதிரிப் பெட்டிகளில் தவறு நடக்கும் இடங்கள் சில. செய்த பேட்டர்னைத் தனியாக எழுதிச் சேமிக்காமல் மின்சாரத்தை அணைத்தால் போச்சு. எட்டுப் பகுதிகளுக்கும் ரிவர்ப் (அறை முழக்கம்) ஒன்றே, டிலே (திரும்பி வரும் ஒலி) ஒன்றே. குரல் மாதிரி ஒலிக்கு நீள ரிவர்ப் வைத்தால் ஸ்னேரும் அதே குகைக்குள்தான் நிற்கும். அதனால் பலரும் ரிவர்ப்பை அறவே குறைத்துவிடுவார்கள். ஒலி காய்ந்து, முகத்துக்கு நேராக நிற்கும். ‘அருளர்’ ஆல்பத்தில் பலர் வியந்த அந்தக் காய்ந்த, நெருக்கமான அடி இத்தகைய பெட்டிகளின் இயல்பான குணம். அதைப் பிற்பாடு பெரிய ஸ்டூடியோவில் பூசி மறைக்காமல் விட்டது மட்டும் தேர்வு.

நாலு ட்ராக்கில் குரல்

நாலு ட்ராக் ரெக்கார்டர்களில் பெரும்பாலானவை சாதாரண கேசட்டில் ஓடுபவை. வழக்கமாக ஒரு பக்கத்துக்கு இரண்டு, மறுபக்கத்துக்கு இரண்டு என்று இருக்கும் நாலு தடங்களையும் ஒரே திசையில் பயன்படுத்திக்கொள்ளும். பெட்டியின் தாளத்தை ஸ்டீரியோவில் பதிந்தால் இரண்டு தடம் போய்விடும். குரலுக்கு மிச்சம் இரண்டு. தாளத்தை ஒற்றைத் தடத்தில் அடக்கினால் குரலுக்கு மூன்று கிடைக்கும்.

அதற்கு மேலும் குரல் வேண்டும் என்றால் பவுன்ஸ் செய்ய வேண்டும். முதல் தடத்தில் தாளம், இரண்டிலும் மூன்றிலும் குரல், இந்த மூன்றையும் கலந்து நாலாவது தடத்தில் பதிந்துவிட்டால் முதல் மூன்றும் காலியாகும். விலை என்ன? கலந்த அளவை இனி மாற்ற முடியாது. குரல் சத்தம் கொஞ்சம் குறைவாகக் கலந்துவிட்டால் அது குறைவுதான். ஒவ்வொரு பவுன்ஸிலும் டேப்பின் ‘ஸ்ஸ்’ ஒலி கூடும்; மேல்ஸ்தாயிப் பளபளப்பு மங்கும். தாளத்தை டேப்பில் பதியாமல் பெட்டியிலிருந்தே நேரடியாக ஓட்டிக்கொண்டு குரலை மட்டும் டேப்பில் வைக்கலாமே என்று தோன்றும். அதற்கு இரண்டையும் பூட்டும் ஒத்திசைவுச் சமிக்ஞை ஒரு தடத்தைத் தின்னும், நடுவில் ஒரு மாற்றிக் கருவியும் வேண்டும். கையால் ஒரே நேரத்தில் இரண்டு பட்டனை அமுக்கினால் முதல் சில சுற்று சேர்ந்து போகும். டேப்பின் வேகம் நூல் பிசகினாலும் பல்லவி வருவதற்குள் குரல் ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம்.

இந்த நெருக்கடிக்குள் எந்த மாதிரிப் பாடும் முறை தாங்கும்? நீண்ட கமகம், மூச்சை இழுத்துப் பிடிக்கும் ஸ்வரம் எல்லாம் டேப்பில் கரையும். சின்னச் சின்னச் சொற்கள், கூர்மையான மெய்யெழுத்துகள், ஒரே வரியை இரண்டு முறை பாடி ஒன்றன் மேல் ஒன்று வைப்பது, இவை நிற்கும். எம்.ஐ.ஏ.வுக்குப் பயிற்சி பெற்ற குரல் கிடையாது. தொடக்கத்தில் வேறு பெண்களைப் பாடவைக்கவே நினைத்தார். அது கைகூடாமல் தானே பாடினார். பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவில், தெருவில் ஆளைக் கூப்பிடுவது போன்ற அந்தத் தொனி அப்படி வந்தது. ‘கலாங்’ என்பதே ஜமைக்கா வழக்கில் ‘போய்க்கொண்டே இரு’ என்பது போன்ற சொல். பாட்டின் முடிவில் சொல்லே இல்லாமல் கூட்டக் குரல் எழும்பும் பகுதியில் ஸ்டென்சில் முறை நன்றாகத் தெரியும்: ஒரே அச்சு, சற்று நகர்த்தி நகர்த்தி, பல அடுக்கு.

டெமோவில் இருந்த ஆறில் ‘லேடி கில்லா’, ‘எம்.ஐ.ஏ.’, ‘கலாங்’ ஆகியவையும் அடக்கம். பல்ப் குழுவின் பேஸ் வாசிப்பாளர் ஸ்டீவ் மேக்கியும் தயாரிப்பாளர் ராஸ் ஆர்ட்டனும் ‘கலாங்’கை எடுத்து மெருகேற்றினார்கள். இந்த இருவர் கூட்டணிக்குக் கேவ்மென் என்று பெயர். வானொலியில் நிற்கும் அளவுக்கு ஒலியை விரித்தார்கள், அடித்தளத்தைக் கனமாக்கினார்கள். எழுதியவர்கள் பட்டியலில் ஃப்ரிஷ்மனும் உண்டு. மெருகு என்றால் டெமோவைத் தூக்கி எறிந்து புதிதாகச் செய்வது என்று பல ஸ்டூடியோக்களில் பொருள். இங்கே வரைவின் சொரசொரப்பை வைத்துக்கொண்டே மேலே கட்டினார்கள். முதல் ஆல்பத்தின் காரியங்களில் ஆகச் சரியான முடிவு இதுதான் என்பது எங்கள் கணிப்பு.

500 தட்டு

2003-இல் ஷோபிஸ் என்ற சிறு லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) ‘கலாங்’கை 500 இசைத்தட்டாக வெளியிட்டது. ஏன் 500? இசைத்தட்டு அச்சில் செலவின் கணிசமான பங்கு முதல் பிரதிக்கு முன்பே முடிந்துவிடும். ஒலியைத் தட்டுக்கேற்ப மாஸ்டர் செய்வது, லாக்கர் என்ற மூலத் தட்டை வெட்டுவது, அதிலிருந்து உலோக அச்சு எடுப்பது, சோதனைப் பிரதி பார்ப்பது எல்லாம் நிலைச் செலவு. 100 தட்டு அடித்தாலும் 500 அடித்தாலும் இது மாறாது. அதனால் மிகக் குறைவாக அடித்தால் ஒரு தட்டின் அடக்கவிலை எகிறும். ஆயிரக்கணக்கில் அடித்தால் விற்காமல் வீட்டில் அடுக்கி வைக்க வேண்டிவரும். டிஜேக்களுக்கு இலவசமாகக் கொடுப்பதுபோகக் குறிப்பிட்ட சில கடைகளில் வைக்க 500 போதும்.

12 அங்குலத் தட்டில், நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில், ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு என்று வைத்தால் பள்ளங்களுக்கு நடுவே இடம் தாராளமாகக் கிடைக்கும். சத்தமாக வெட்டலாம், கிளப்பில் பேஸ் அதிரும். அதே தட்டில் நாலு பாட்டை நெருக்கினால் பள்ளம் சிறுத்து ஒலி மெலியும். பேஸ் ஒலியை இடது வலது என்று பிரிக்காமல் நடுவில் வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஊசி துள்ளும். குரலின் ‘ஸ’, ‘ஷ’ ஒலிகள் கூர்மையாக இருந்தால் தட்டின் உட்பகுதியில் கரகரக்கும். வீட்டு மைக்கில் பதிந்த குரல்களில் இந்தக் கோளாறு சகஜம்; மாஸ்டரிங்கில் அந்த அலைவரிசையை மட்டும் அடக்குவார்கள்.

500 தட்டு தீர்ந்த பிறகுதான் உண்மையான பரவல். அப்போது ஃபைல் பகிர்வு உச்சத்தில் இருந்த காலம். தட்டு வாங்க முடியாதவர்கள் எம்பி3 ஆக்கிப் பரிமாறிக்கொண்டார்கள். கல்லூரி வானொலிகள், கிளப்புகள், ஃபேஷன் காட்சிகள் என்று பாட்டு போய்க்கொண்டே இருந்தது. அரிதாகக் கிடைக்கும் தட்டும் தாராளமாகக் கிடைக்கும் எம்பி3-யும் ஒன்றுக்கொன்று உதவின: தட்டு டிஜேக்கு மரியாதை, ஃபைல் கேட்பவருக்கு வசதி. லேபிள்கள் தேடி வர இது போதுமாயிருந்தது. எக்ஸ்எல் ரெக்கார்டிங்ஸ் ஒப்பந்தம் செய்தது. லண்டன் ராப் பாடகர் டிஸ்ஸி ராஸ்கலின் முதல் ஆல்பத்தை 2003-இல் வெளியிட்டு, பிரிட்டனின் மெர்க்குரி இசைப் பரிசு வரை கொண்டுபோன லேபிள் அது. லண்டன் தெருப் பேச்சும் முரட்டு மின்னணுத் தாளமும் விற்கும் என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

எக்ஸ்எல்லில் முதல் சிங்கிள் ‘சன்ஷவர்ஸ்’, 2004 ஜூலையில். பிறகு ‘கலாங்’ மறுவெளியீடு. அதன் வீடியோவை இயக்கியவர் ரூபன் ஃப்ளைஷர். மாதங்கி தன் ஸ்டென்சில் ஓவியங்களையே பின்திரையாக வைத்து அதன் முன்னால் ஆடுகிறார். ‘சன்ஷவர்ஸ்’ வீடியோ தென்னிந்தியக் காட்டில் எடுக்கப்பட்டது, இயக்கம் ராஜேஷ் டச்ரிவர். பாட்டில் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பெயர் வரும் ஒரு வரி எம்டிவியோடு சிக்கலைக் கொண்டுவந்தது. தொலைக்காட்சியில் வீடியோ ஓடுவதை நம்பி விற்பனைத் திட்டம் போடும் எந்தப் புதுக் கலைஞருக்கும் இது நேரடி இழப்பு. இவருக்கு அந்த இழப்பை இணையம் ஓரளவு ஈடுகட்டியது.

இரவல் ஒலிகளின் கணக்கு

பெட்டியில் சாம்பிளர் இல்லாததால் டெமோ காலத்தில் உரிமைச் சிக்கல் பெரிதாக எழ வழியில்லை. ஆல்பம் வளர்ந்து, பலரும் தயாரிப்பில் சேர்ந்தபோது சாம்பிள்கள், அதாவது மற்றவர் இசையிலிருந்து எடுத்த துண்டுகள், உள்ளே வந்தன. கூடவே அனுமதிக் காகிதங்களும்.

ஒரு பழைய பாட்டுக்கு இரண்டு உரிமை உண்டு. மெட்டும் வரியும் ஒன்று. அது எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும். பதிவான ஒலி மற்றொன்று. அது பெரும்பாலும் லேபிளுக்கு. பதிவை அப்படியே வெட்டி எடுத்தால் இரண்டு அனுமதியும் வேண்டும். மெட்டை மட்டும் எடுத்துப் புதிதாகப் பாடிக்கொண்டால் முதலாவது போதும். ‘சன்ஷவர்ஸ்’ பல்லவி, டாக்டர் பஸர்ட்ஸ் ஒரிஜினல் சவானா பேண்ட் 1976-இல் வெளியிட்ட பாட்டின் பல்லவியைத் தழுவியது.

‘பக்கி டன் கன்’ இன்னும் சுவாரசியமான சங்கிலி. பிரேசிலின் ரியோ நகர ஃபவேலாக்களில் (ஏழைக் குடியிருப்புகளில்) பிறந்த பைலே ஃபங்க் வகையில், டெய்சி டிக்ரோனா பாடிய ஒரு பாட்டு அதன் அடித்தளம். அந்தப் பாட்டே ‘ராக்கி’ படத்துக்காக பில் கான்ட்டி அமைத்த ஊதுகருவி இசையை எடுத்தாண்டது. இரவலின் இரவல். இந்த மாதிரி இடத்தில் நடுவில் உள்ளவரிடம் மட்டும் அனுமதி வாங்கினால் போதாது. அடியில் இருப்பவர் வரை போக வேண்டும். ‘யூ.ஆர்.ஏ.க்யூ.டி.’ பாட்டில் குவின்சி ஜோன்ஸ் ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடருக்கு அமைத்த இசை வருகிறது.

2004 இலையுதிர் காலத்துக்குத் திட்டமிட்ட ஆல்பம் 2005 மார்ச் 22 அன்றுதான் அமெரிக்காவில் வெளிவந்தது. பிரிட்டனில் அதற்கடுத்த மாதம். தாமதத்துக்குச் சாம்பிள் அனுமதியும் ஒரு காரணம். உரிமையாளர்களில் ஒருவர் பதில் போடாவிட்டாலும் மொத்தமும் நிற்கும். அதனால்தான் அனுபவசாலிகள் மிக்ஸ் முடியும்வரை காத்திராமல், சாம்பிளை வைத்த அன்றே மூலம், நொடி, உரிமையாளர் என்று ஒரு தாளில் எழுதி வைப்பார்கள். மிக்ஸ் முடிந்த பிறகு ஒரு சாம்பிளைப் பிடுங்குவது, கட்டிய வீட்டில் அஸ்திவாரக் கல்லை உருவுவது மாதிரி.

உரிமைத் தொல்லை இல்லாமல் ஒலி சேர்க்க இன்னொரு வழியும் ஆல்பத்தில் இருக்கிறது. ‘ஓம்ப்ரே’ பாட்டின் தாளத்துக்கு இந்தியாவில் வாங்கிய பொம்மைகளின் சத்தமும், பேனா போன்ற கைக்குக் கிடைத்த பொருள்களின் சத்தமும் பயன்பட்டன. யாருக்கும் காசு தர வேண்டாம்.

யார் செய்தது?

ஆல்பம் தள்ளிப்போன இடைவெளியை வீணாக்கவில்லை. ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த டிஜே டிப்லோ, ‘கலாங்’கைத் தன் நிகழ்ச்சிகளில் ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தவர். 2004-இல் லண்டன் ஃபேப்ரிக் கிளப்பில் இருவரும் சந்தித்தார்கள். அந்த ஆண்டின் கடைசியில் இருவர் சேர்ந்த மிக்ஸ்டேப் வெளிவந்தது: ‘பைரசி ஃபண்ட்ஸ் டெரரிசம்’. வரப்போகும் ஆல்பத்தின் குரல்கள், கீழே ஊரறிந்த மற்றவர்களின் தாளங்கள். அனுமதி எதுவும் கேட்காததால் முறையாக விற்க முடியாது. நிகழ்ச்சிகளில் கைமாறியது, இணையத்தில் பறந்தது. இதன் பயன் விளம்பரம் மட்டும் அல்ல. அறிமுகமில்லாத குரலை அறிமுகமான தாளத்தின் மேல் வைத்தால் கேட்பவர் பாதி தூரம் தானாக வந்துவிடுவார். ஆல்பம் வரும்போது குரல் பழகியிருக்கும், தாளம்தான் புதிது.

ஆனால் இதற்கு ஒரு விலை கொடுக்க நேர்ந்தது. விமர்சகர்களில் ஒரு பகுதியினர் ‘அருளர்’ ஆல்பத்தையே டிப்லோவின் கைவேலை என்று எழுதினார்கள். தேதிகளை வரிசையாக வைத்தால் இது நிற்காது. ஆறு பாட்டு டெமோ முதலில். 500 தட்டு 2003. டிப்லோவைச் சந்தித்தது 2004. ஆல்பத்தில் அவர் தயாரிப்பாக நிற்பது ‘பக்கி டன் கன்’. மேக்கி, ஆர்ட்டன், ‘டென் டாலர்’ செய்த ரிச்சர்ட் எக்ஸ் என்று கைகள் பல. அவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே கை மாதங்கியினுடையது. 2007-இல் பத்திரிகையாளர்களிடம் இதை அவரே கோபத்தோடு திருத்தினார். பெண் ஒருத்தி மெஷினைத் திருகியிருப்பாள் என்று நம்ப இசைப் பத்திரிகைகளுக்கு அப்போது மனம் வரவில்லை. இன்றும் முழுக்க வந்துவிட்டதா என்பது சந்தேகம்.

2005-இல் நியூயார்க் முதல் மேடைகள், கோச்செல்லா விழாவில் கூட்டம் கேட்டுப் பெற்ற மறுபாட்டு, மெர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியல் எல்லாம் அடுத்தடுத்து வந்தன. பரிசு ஆன்டனி அண்ட் த ஜான்சன்ஸ் குழுவுக்குப் போனது. மேடையில் அப்போதும் அமைப்பு எளிதுதான்: ஒரு டிஜே, கூடப் பாட ஒருவர், இவர். முழு இசைக்குழுவை ஏற்றிச் செல்லும் செலவு இல்லாததால் சின்ன அரங்குகளையும் ஏற்க முடிந்தது. இந்த அமைப்பின் பலவீனமும் ஊரறிந்தது: மேடையில் குரல் மைக் மங்கினால் தாங்கிப் பிடிக்க வேறு எதுவும் கிடையாது, முழுத் தாளமும் ஒரே கேபிளில் வருகிறது.

அடுத்த ஆல்பத்தை அமெரிக்காவில், தயாரிப்பாளர் டிம்பலண்டோடு செய்யும் எண்ணம் இருந்தது. 2006-இல் அமெரிக்க விசா மறுக்கப்பட்டது. திட்டம் கலைந்து, பதிவு இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஜப்பான், ஆஸ்திரேலியா என்று ஊர் ஊராகப் போனது. சென்னையில் ரஹ்மானின் ஸ்டூடியோவில் உருமி வாசிப்பவர்களைக் கூட்டி வைத்துப் பதிந்தார்கள். ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ இரண்டிலும் அந்த உருமி கேட்கும். ‘பாம்பூ பாங்கா’வில் இளையராஜாவின் ‘தளபதி’ பாட்டு ‘காட்டுக்குயிலு’ எட்டிப் பார்க்கும். வெளி ஒலி எதையும் உள்ளே விடாத பெட்டியில் தொடங்கியவர், இப்போது வெளி ஒலிகளால் ஒரு முழு ஆல்பத்தைக் கட்டினார். உருமியை ஸ்டெப் பட்டனில் வைக்க முடியாது. வளைந்த குச்சி தோலில் உரசி எழுப்பும் அந்த உறுமல் ஒரு இடத்தில் தொடங்கி அடுத்த இடத்துக்குள் வழியும். 16 விளக்கில் எதை ஏற்றுவது?